மரநிழல் மனத்துக்கு என்ன செய்கிறது: மதுரையில் அளந்து பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் வண்டியூர் கண்மாய்க் கரையிலோ கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்திலோ நடப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: நடந்துவிட்டு வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. அந்த அனுபவத்தை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அப்படி லேசாவதற்குக் காரணம் மரமும் தண்ணீரும்தானா, நடையா, கூட வரும் நண்பரின் பேச்சா, வெயில் ஏறாத நேரத்தின் குளிர்ச்சியா, அல்லது அந்த அரை மணி நேரமும் கைபேசியை எடுக்காமல் இருந்ததா என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் விடை இல்லை. அந்த லேசு மதியம் வரை நிற்கிறதா, சில வாரங்கள் தொடர்ந்தால் தூக்கத்திலும் வேலையிலும் தெரிகிறதா என்பதும் அதிலிருந்து தெரியாது. இவற்றுக்கு விடை காண அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு நாணயம், பத்து வாரப் பொறுமை ஆகியவை இருந்தால் தனி ஒருவரே இதைச் செய்யலாம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே விவரிக்கப்படுவது அளவீடு மட்டுமே. இது சிகிச்சைக்கு மாற்றாகாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை இந்தப் பத்து வாரங்களில் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்களும், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர்களும் அளவீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இதுவரை எதை அளந்திருக்கிறார்கள்

நல்ல அளவீடு எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே நடந்த சில ஆய்வுகளிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்களையும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களையும் வயது, பாலினம் போன்றவை ஒத்துவருமாறு 23 இணைகளாகச் சேர்த்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினார்கள். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மற்ற எல்லாவற்றையும் கூடியவரை சமமாக்கிவிட்டு, சன்னலுக்கு வெளியே தெரிவதை மட்டும் வேறுபடுத்தியதுதான் அந்த ஆய்வின் வலிமை.

2008-இல் மார்க் பெர்மனும் உடன் பணியாற்றியவர்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒருமுறை மரத்தோட்டத்திலும், வேறொரு நாள் ஆன் ஆர்பர் நகரின் கடைவீதிப் பகுதியிலும் ஏறத்தாழ ஒரே தூரம், சுமார் 50 நிமிடங்கள் நடக்க வைத்தார்கள். சொல்லப்படும் எண்களைத் தலைகீழ் வரிசையில் திருப்பிச் சொல்லும் சோதனையில், மரத்தோட்டத்தில் நடந்து வந்தபோது கிடைத்த முன்னேற்றம் கடைவீதியில் நடந்து வந்தபோது கிடைக்கவில்லை. 2015-இல் கிரெகரி பிராட்மன் குழுவினர் ஸ்டான்ஃபோர்டு அருகே 38 பேரை 90 நிமிடம் நடக்கச் செய்தார்கள். புல்வெளியும் கருவாலி மரங்களும் கொண்ட பாதையில் நடந்தவர்களிடம், ஒரே கவலையை மீண்டும் மீண்டும் அசைபோடும் போக்கு குறைந்தது. நெரிசலான நெடுஞ்சாலை ஓரம் நடந்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

எவ்வளவு நேரம் தேவை என்பதற்கு இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களை வைத்து மாத்யூ ஒயிட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமோ அதற்கு மேலோ இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்வது கூடுதலாக இருந்தது. அந்த நேரத்தை ஒரே தடவையில் செலவிட்டாலும் பிரித்துச் செலவிட்டாலும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் மேரிகேரல் ஹண்டர் குழுவினர் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மனஅழுத்தச் சுரப்பை அளந்தபோது, 20 முதல் 30 நிமிடம் வரையிலான நேரத்துக்குத்தான் பலன் வேகமாகக் கிடைத்தது.

இவற்றில் ஒயிட் குழுவின் ஆய்வைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. அது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு. மனம் நன்றாக இருப்பவர்கள்தாம் வெளியே போகிறார்களா, வெளியே போவதால் மனம் நன்றாகிறதா என்பதை அதிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது. மேலும் இந்த ஆய்வுகளெல்லாம் சித்திரை வெயிலை அறியாத ஊர்களில் நடந்தவை. காலை எட்டு மணிக்கே வியர்வை வழியும் ஊரில், கண்மாயில் தண்ணீர் பாதி ஆண்டு இல்லாத ஊரில், அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் காரணமில்லை. நமக்கான எண்ணை நாமே எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்குதல்

‘மனநலம்’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு வேகத்தில் மாறும் பல நிலைகள் இருக்கின்றன. இந்த நிமிடத்து மனநிலை அரை மணி நேரத்தில் மாறிவிடும். கவனத்தைக் குவிக்கும் திறன் ஒரு மணி, இரண்டு மணி நேர அளவில் ஏறி இறங்கும். தூக்கத்தின் தரத்தை அடுத்த நாள் காலையில்தான் அறிய முடியும். பொதுவான நல்வாழ்வு உணர்வும் மனச்சோர்வின் அறிகுறிகளும் வாரக்கணக்கில்தான் அசையும். இவற்றை ஒரே கருவியால் அளக்க முயல்வதால்தான் பல நல்ல முயற்சிகள் வீணாகின்றன. ‘சென்ற இரண்டு வாரங்களில்’ என்று கேட்கும் வினாப்பட்டியலை நடைக்கு முன்பும் பின்பும் நிரப்பச் சொல்வது இந்தத் தவறுக்கு நல்ல எடுத்துக்காட்டு: நாற்பது நிமிடத்தில் ஒருவருடைய கடந்த இரண்டு வாரம் மாறியிருக்க வழியில்லை.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஒன்று, ‘மரங்கள் இல்லாத தெருவில் அதே நேரம் நடப்பதைவிட, கண்மாய்க் கரையில் நடப்பது என் அன்றைய மனநிலையைக் கூடுதலாக உயர்த்துகிறதா?’ மற்றொன்று, ‘வாரம் 120 நிமிடம் வீதம் நான்கு வாரம் தொடர்ந்தால் என் பொதுவான நல்வாழ்வு உணர்வு உயர்கிறதா?’ கேள்விகளுக்குக் கீழே, விடை என்னவாக இருக்கும் என்று தாம் எதிர்பார்ப்பதையும் தேதியிட்டு எழுதிவிட வேண்டும். மருந்துச் சோதனையில் மாத்திரையின் அடையாளத்தை மறைத்துவிடலாம். மரத்தை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. நன்மை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் நன்மையை உணர்வது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு எழுத்தில் இருந்தால், பிற்பாடு முடிவைப் படிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும்.

இரண்டாம் படி: கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

அன்றாட மனநிலைக்கு 0 முதல் 10 வரையிலான ஒரே மதிப்பெண் போதும். 0 என்பது தம் வாழ்க்கையில் தெரிந்த மிக மோசமான மனநிலை; 10 என்பது மிக நல்ல மனநிலை. இரண்டு முனைகளும் எதைக் குறிக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வரியில் எழுதிவைத்துக்கொண்டால், நாளாக ஆக அளவுகோல் நழுவாது.

வாரக்கணக்கிலான நல்வாழ்வு உணர்வுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் வழங்கிவரும் ஐந்து கேள்விப் பட்டியலை நான் பரிந்துரைக்கிறேன். அது குறுகியது, இலவசமானது, நோயைப் பற்றிப் பேசாமல் நலத்தைப் பற்றி மட்டும் கேட்பது. சென்ற இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாகவும் உற்சாகமாகவும் இருந்தேனா, அமைதியாகவும் இறுக்கமின்றியும் இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் எழும்போது நன்கு ஓய்வெடுத்த புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்வில் எனக்கு ஆர்வமூட்டும் விஷயங்கள் நிறைந்திருந்தனவா என்பவையே அந்த ஐந்தின் சாரம். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0 தொடங்கி ‘எப்போதும்’ என்பதற்கு 5 வரை மதிப்பெண் இட்டு, கூட்டி, 4-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். அது 50-க்குக் கீழே இருந்தால் மனச்சோர்வு உள்ளதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒருவருடைய எண் 10 புள்ளியாவது மாறினால்தான் அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்வது வழக்கம். 56 இருந்தது 60 ஆனதைக் கொண்டாட வேண்டியதில்லை.

மருத்துவமனைகளில் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் மனச்சோர்வின் அறிகுறிகளை 0 முதல் 27 வரை மதிப்பிடுகிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோகலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அந்தக் கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்று விடையளித்தால் அதே நாளில் அவருக்கு யார் துணை நிற்பார், எங்கே அழைத்துச் செல்வார் என்ற ஏற்பாடு இல்லாத குழு அந்தப் பட்டியலைக் கையிலெடுக்கவே கூடாது.

கவனத்தை அளக்க, பெர்மன் பயன்படுத்திய தலைகீழ் எண் சோதனை வீட்டிலேயே செய்யக்கூடியது. வீட்டில் ஒருவர் நொடிக்கு ஓர் எண்ணாக ‘ஏழு, இரண்டு, ஒன்பது’ என்று வாசிக்க, கேட்பவர் ‘ஒன்பது, இரண்டு, ஏழு’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண்களில் தொடங்கி, ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு கொடுத்து, இரண்டிலும் தவறும்போது நிறுத்த வேண்டும். தமிழில் தொடங்கினால் கடைசி வரை தமிழிலேயே செய்ய வேண்டும். பலருக்கு ஆங்கில எண்களே விரைவாக வருவதால், இடையில் மொழியை மாற்றினால் முடிவும் மாறும். பழக்கத்தால் மட்டுமே மதிப்பெண் ஏறும் என்பதால், முதல் சில நாள் முடிவுகளை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது.

கார்டிசோலை வீட்டளவில் அளக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அந்தச் சுரப்பு உச்சத்துக்குப் போய், பிறகு நாள் முழுவதும் தானாகவே இறங்கும். எழுந்தவுடன் ஒரு முறையும் நடந்து திரும்பிய பின் ஒரு முறையும் எடுத்தால், கிடைக்கும் வேறுபாடு மரத்தைப் பற்றியதா உடலின் கடிகாரத்தைப் பற்றியதா என்று பிரித்தறிய முடியாது. கைக்கடிகாரக் கருவிகள் காட்டும் ‘ஸ்ட்ரெஸ்’ எண்ணும் நடையின் வேகத்தாலும் வெப்பத்தாலும் மாறக்கூடியது.

மூன்றாம் படி: எதனோடு ஒப்பிடுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். கண்மாய்க் கரையில் நடந்த நாளை வீட்டில் படுத்திருந்த நாளோடு ஒப்பிட்டால் கிடைப்பது நடையின் பயனும் இயற்கையின் பயனும் கலந்த ஒரு தொகை. இயற்கையின் பங்கை மட்டும் தனியே எடுக்க, அதே நேரத்தில், அதே வேகத்தில், அதே துணையோடு அல்லது அதே தனிமையோடு, மரமும் நீரும் குறைந்த ஓரிடத்திலும் நடக்க வேண்டும்.

மதுரையில் இதற்குப் பொருத்தமான இணைகளைத் தேடுவது கடினமில்லை. நகருக்குள் வசிப்பவர் மாசி வீதி அல்லது வெளி வீதியின் ஒரு பகுதியை ஒப்பீட்டுப் பாதையாகவும், வண்டியூர் அல்லது மாடக்குளம் கண்மாயின் கரையை இயற்கைப் பாதையாகவும் கொள்ளலாம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியைத் தவிர்ப்பது நல்லது. கோபுரத்தைப் பார்த்தபடி நடப்பது பலருக்கு வழிபாடாகவே இருப்பதால் அது வெறும் தெருநடை ஆகாது. அதே காரணத்தால் அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஏறிப்போகும் மலைப்பாதை, காட்டின் அழகில் எதற்கும் குறையாதது என்றாலும், இந்த அளவீட்டுக்கு உகந்ததன்று: காடு, ஏற்றம், தீர்த்தம், சாமி தரிசனம் ஆகிய நான்கும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பக்தியால் மனம் அமைதி பெறுவதை இது எவ்விதத்திலும் குறைத்துச் சொல்லவில்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும் என்பதே பொருள். சமணர் மலையிலும் யானைமலையிலும் மேலே ஏறாமல் அடிவாரத்துச் சமதளத்தில் நடந்தால், உழைப்பின் அளவு தெருநடைக்குச் சமமாக இருக்கும்.

தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சோலைக்கு இரு சக்கர வாகனத்தில் நெரிசலைக் கடந்து போய்வருபவர், பயணத்தின் எரிச்சலையும் சேர்த்தே அளக்கிறார். வீட்டிலிருந்து கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய சாதாரணமான இடம், மாதம் ஒருமுறை போகும் அழகான இடத்தைவிட இதற்கு ஏற்றது. பெண்கள் தனியாக நடக்கத் தயங்கும் இடத்தையும், தெருநாய்க்குப் பயந்து குச்சியோடு போக வேண்டிய இடத்தையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பயத்தோடு நடக்கும் நடையில் மரம் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

தேர்ந்த இடத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது அவசியம். பசுமை எல்லாம் ஒன்றல்ல. மருதும் நாவலும் புங்கையும் நிழல் தரும் கரையும், சீமைக்கருவேலம் அடைத்துக்கிடக்கும் கரையும் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரே பச்சையாகத்தான் தெரியும். நடப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. நிழல் எவ்வளவு, தண்ணீர் இருக்கிறதா, பறவைகளின் குரல் கேட்கிறதா, வாகன இரைச்சல் எட்டுகிறதா, குப்பை எரியும் நாற்றமோ சாக்கடை நாற்றமோ வருகிறதா என்ற ஐந்தையும் எழுதிவைத்தால், பின்னால் இரு கண்மாய்களின் முடிவுகள் வேறுபடும்போது காரணத்தை ஊகிக்க வழி இருக்கும்.

நான்காம் படி: இரண்டு வார அடிப்படை நிலை

பெரும்பாலானோர் நடக்கத் தொடங்குவது மனம் மிகவும் வாடியிருக்கும் வாரத்தில்தான். தாழ்ந்த நிலையில் இருக்கும் எதுவும் அடுத்தடுத்த அளவீடுகளில் தன் வழக்கமான நிலையை நோக்கித் தானாகவே ஏறும் என்பதை 1886-இல் பிரான்சிஸ் கால்டன், பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது கண்டு விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நெருங்கியே இருந்தார்கள். மனத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். மோசமான வாரத்தில் தொடங்கிய நடை, அந்த வாரத்தின் வாட்டம் இயல்பாகத் தணிந்ததற்கான பெருமையைத் தனதாக்கிக்கொள்ளும்.

இதைத் தவிர்க்க, முதல் இரண்டு வாரம் புதிதாக எதையும் தொடங்காமல், நாள்தோறும் காலையிலும் இரவிலும் 0–10 மதிப்பெண்ணை மட்டும் எழுத வேண்டும். இரண்டாம் வார இறுதியில் ஐந்து கேள்விப் பட்டியலை ஒருமுறை நிரப்ப வேண்டும். இந்த இரண்டு வாரமும் வீணாவதாகத் தோன்றும். உண்மையில் இவை இல்லாவிட்டால் பிறகு வரும் எட்டு வாரங்களுக்கும் பொருளில்லை.

ஐந்தாம் படி: நான்கு வார ஒப்பீடு

வாரத்தில் ஞாயிறை விட்டுவிட்டு, திங்கள்–செவ்வாய், புதன்–வியாழன், வெள்ளி–சனி என்று மூன்று இணைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் இணையின் முதல் நாள் காலையிலும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் அன்று கண்மாய், மறுநாள் தெரு. பூ விழுந்தால் அன்று தெரு, மறுநாள் கண்மாய் என்று நடக்க வேண்டும். நாணயத்தின் கையில் முடிவை விடுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் விருப்பத்துக்கு விட்டால், மனம் தெளிவாக இருக்கும் நாளில் கண்மாய்க்கும், சோம்பலான நாளில் பக்கத்துத் தெருவுக்கும் போவோம். பிறகு கண்மாய் மனத்தைத் தெளிவாக்கியதாக எழுதிவைப்போம். நான்கு வாரத்தில் இப்படி 12 இணைகள் கிடைக்கும். இரு பாதையிலும் 30 நிமிடம் நடக்க வேண்டும். கைபேசியைப் பேசாநிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதிலும் யோசனை தேவை. சித்திரைத் திருவிழா நடக்கும் நாள்களில் ஊர் முழுவதும் வேறொரு மனநிலையில் இருக்கும். மாசி வீதியில் தேரோடும் வாரத்தில் தெருநடையை ‘சாதாரணத் தெருநடை’ என்று கணக்கில் எடுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைகள் பாதியில் அறுந்துபோகும். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவருக்கும் ரமலான் நோன்பு இருப்பவருக்கும் தூக்கமும் உணவும் மாறியிருக்கும். வீட்டில் பிளஸ் டூ தேர்வெழுதும் பிள்ளை இருந்தால் மார்ச் மாதத்தைத் தொட வேண்டாம். பொங்கல் கழிந்தபின், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் தை, மாசி மாதங்கள் பலருக்கும் வசதியானவை. ஆனால் அப்போது கிடைக்கும் முடிவு தை, மாசிக்கான முடிவு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

நாள்தோறும் எழுத வேண்டியவை: நேற்றிரவு தூங்கிய மணி நேரம், வீட்டை விட்டுக் கிளம்புமுன் மனநிலை, எந்தப் பாதை, துணை உண்டா, வெயிலும் புழுக்கமும் எப்படி, திரும்பி அரை மணி கழித்து மனநிலை, இரவு ஒன்பது மணிக்கு மனநிலை. முதல் மதிப்பெண்ணை வீட்டிலேயே எழுதிவிட வேண்டும். கரையை அடைந்தபின் எழுதினால், வழியெல்லாம் கிடைத்த பயன் ‘முன்’ என்ற கட்டத்துக்குள் போய்விடும். இரண்டாவதைத் திரும்பிய உடனே எழுதாமல் அரை மணி தள்ளிப்போடுவது, வியர்வையும் மூச்சிரைப்பும் அடங்குவதற்காக. எழுதிய பக்கத்தை மடித்து ஒட்டிவிட்டு, முந்தைய எண்களைப் பார்க்காமல் புதிய எண்ணை எழுதுவது நல்லது. நேற்று 7 போட்டோமே என்ற நினைவு இன்றைய 6-ஐ 7 ஆக்கிவிடும்.

ஆறாம் படி: கணக்கிடுதல்

ஒவ்வொரு நாளுக்கும் ‘பின்’ மதிப்பெண்ணிலிருந்து ‘முன்’ மதிப்பெண்ணைக் கழித்தால் அன்றைய ஏற்றம் கிடைக்கும். ஒருவருக்குக் கண்மாய் நாள்களின் சராசரி ஏற்றம் 2.1 என்றும், தெரு நாள்களின் சராசரி ஏற்றம் 1.3 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். கண்மாய் எனக்கு 2.1 தந்தது என்று அவர் சொல்லக் கூடாது. அந்த 1.3 எங்கே நடந்தாலும் கிடைக்கக்கூடியது: நடை, காலை நேரம், ஓய்வு ஆகியவற்றின் பங்கு. கரையின் சொந்தப் பங்கு 0.8 மட்டுமே. சிறியதாகத் தோன்றும் இந்த எண்தான் நாம் தேடிவந்தது. ஒப்பீட்டு நாள்கள் இல்லாமல் இதைப் பெற்றிருக்கவே முடியாது.

அடுத்து, இது தற்செயலா என்று பார்க்க வேண்டும். 12 இணைகளில் எத்தனையில் கண்மாய் நாள் முந்தியது என்று எண்ணிக்கொள்ளலாம். இரண்டு பாதைக்கும் எந்த வேறுபாடும் இல்லாதிருந்தால், அது 12 தடவை நாணயம் சுண்டுவதற்கு ஒப்பாகும். அப்படிச் சுண்டும்போது 10 அல்லது அதற்கு மேல் தலையே விழும் வாய்ப்பு 4096-இல் 79, அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே 12-இல் 10 இணைகள் கண்மாய்ப் பக்கம் நின்றால், பாதைக்கும் பயனுக்கும் தொடர்பிருப்பதாக நம்பிக்கையோடு சொல்லலாம். 9 வந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஏழுக்கு மேல் போய்விடும். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் இன்னும் சில வாரம் தொடர வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் இந்த அளவீட்டிலிருந்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு நாளும் ஒரே எண் வந்த இணையை விலக்கிவிட வேண்டும். விலக்கினால் மொத்த எண்ணிக்கையும் குறையும் என்பதால், ஈடாகச் சில இணைகளைக் கூடுதலாக நடந்து 12-ஐ நிரப்பிக்கொள்ளலாம்.

இதே கணக்கை இரவு ஒன்பது மணி மதிப்பெண்ணுக்கும் செய்து பார்க்க வேண்டும். காலையில் தெரிந்த வேறுபாடு இரவில் மறைந்திருந்தால், அந்தப் பயன் உண்மையானது, ஆனால் குறுகியது. தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நாள்களைத் தனியே எடுத்துப் பார்ப்பதும் பயன் தரும். களைத்த நாளில் கரையின் பங்கு கூடுகிறதா குறைகிறதா என்பது அவரவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஏழாம் படி: நான்கு வாரத் தொடர்ச்சி

இரண்டாவது கேள்விக்கு, இனி தெருநடையை விட்டுவிட்டு, வாரத்துக்கு நான்கு நாள் முப்பது நிமிடம் வீதம் கண்மாய்க் கரையில் மட்டும் நடக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கேள்விப் பட்டியலை நிரப்பி, அடிப்படை நிலையின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பகுதி முந்தையதைவிடப் பலவீனமானது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஆளின் நான்கு வாரத்தில் சம்பள உயர்வு வந்திருக்கலாம், மகளுக்கு வரன் அமைந்திருக்கலாம், மாமியாரின் உடல்நிலை மோசமாகியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் பத்துப் புள்ளி அசைக்கக்கூடியவை. வாழ்க்கை நிகழ்வுகளுக்கு நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குவதும், முடிந்தால் நடையை இரண்டு வாரம் நிறுத்தி எண் இறங்குகிறதா என்று பார்ப்பதும்தான் தனி ஒருவரால் செய்யக்கூடியவை. மனச்சோர்விலிருந்து மீண்டுவருபவர்கள் சோதனைக்காக நடையை நிறுத்த வேண்டாம்.

எட்டாம் படி: குழுவாக அளத்தல்

அந்தப் பலவீனத்தைக் குழுவால் சரிசெய்ய முடியும். முப்பது, நாற்பது பேர் முன்வந்தால், பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி இப்போதும் மறுபாதி எட்டு வாரம் கழித்தும் நடக்கத் தொடங்கலாம். இரு பாதியும் ஒரே தேதிகளில் பட்டியலை நிரப்ப வேண்டும். திருவிழாவும் மழையும் விலைவாசியும் இரு பாதிக்கும் பொது என்பதால், அவற்றின் பாதிப்பு ஒப்பீட்டில் கழிந்துபோகும். காத்திருப்பவர்களுக்கும் பிறகு வாய்ப்பு கிடைப்பதால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை, குறிப்பாக நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும் முதியவர்களையும், விட்டுவிடக் கூடாது. கரையோடு அதிகம் புழங்குபவர்கள் அவர்களே. பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ‘மனசு ரொம்ப நல்லா இருந்தா பத்தையும் வைங்கம்மா, ஒண்ணுமே நல்லா இல்லைன்னா ஒண்ணும் வைக்க வேணாம்’ என்று கிண்ணத்தில் இடச் சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் வைக்கும் கொட்டைகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது. பெயருக்குப் பதிலாக எண் கொடுப்பது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று முதலிலேயே சொல்வது, நிரப்பிய தாள்களை வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடாமல் இருப்பது ஆகியவை கட்டாயம். பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையையும் முடிவில் சேர்த்து எழுத வேண்டும். பயன் தெரியாதவர்கள் நின்றுபோய், பயன் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் சராசரி பொய் சொல்லும்.

முடிவை எங்கே கொண்டுபோவது

வேறுபாடு எதுவும் இல்லை என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். இடத்தைப் பற்றிய ஐந்து குறிப்புகளுக்குத் திரும்பிப் போனால் பெரும்பாலும் ஒரு துப்பு கிடைக்கும்: நிழல் இல்லாத கரை, எரியும் குப்பை, லாரி இரைச்சல். அப்போது வேறு கரையில் மீண்டும் அளக்கலாம்.

வேறுபாடு இருந்தால் அந்தத் தாளுக்கு வீட்டுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ஒரு கண்மாயின் மதிப்பை நாம் ஆயக்கட்டு ஏக்கரிலும் கொள்ளளவிலும் மீன் குத்தகைத் தொகையிலும் எண்ணிப் பழகியிருக்கிறோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்குள்ள பறவைகளையும் சுனைகளையும் கல்வெட்டுகளையும் பட்டியலிட்டு அதன் அருமையைச் சொல்ல முடிந்தது. கரையில் நடக்கும் மனிதரின் மனம் அடையும் பயன், யாரும் எண்ணாததால், எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கரையில் மரம் நட வேண்டும், கழிவுநீரைத் தடுக்க வேண்டும், பெண்கள் நடக்க விளக்கு போட வேண்டும் என்று கிராம சபையிலோ மாநகராட்சி உறுப்பினரிடமோ மனு கொடுக்கும்போது, ஒரு பக்கத்துக்கு மிகாமல் இவற்றை இணைக்கலாம்: எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், தெருநடையைவிடக் கரைநடை தந்த கூடுதல் ஏற்றம் எவ்வளவு, எத்தனை இணைகளில் அது தெரிந்தது, எந்த மாதங்களில் அளந்தது. தனி ஆள்களை அடையாளம் காட்டும் எதையும் அதில் சேர்க்கக் கூடாது. தை, மாசியில் எடுத்த முடிவை மட்டும் வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசக் கூடாது என்பதால், அதே பாதைகளில், அதே நோட்டில், தண்ணீர் வற்றிய வைகாசியில் நேரத்தை ஐந்தரை மணிக்கு முன்தள்ளி இன்னொரு முறை 12 இணைகளை நடந்துவிட்டு, இரண்டு பருவத்தின் எண்களையும் அருகருகே எழுதி மனுவோடு கொடுக்க வேண்டும்.